சித்தி தயங்கி நின்ற துண்டு

1974 ஆகஸ்ட் 3, சனி.

கல்லூரிக்காக எடுத்த ஊமைப்படத்தை இன்று வலையபட்டியில் போட்டுக் காட்டினோம். மகன் வேலை தேடிச் சென்னைக்குக் கிளம்புகிறான். அவன் போனதும் தாய் வெறிச்சோடிய வீட்டைக் கூட்டுகிறாள். அந்த இடத்தில் அழுவார்கள் என்று நம்பியிருந்தேன்.

முன்னால் இருந்த ஒரு பெண் சத்தம் போட்டாள்: "மகன் இன்னும் தெருவைத் தாண்டலை, அதுக்குள்ள விளக்கமாத்தைத் தூக்கிட்டாளே! இவ மாத்தாந்தாயாத்தான் இருக்கணும்!" கூட்டமே ஆமாம் போட்டது.

ஒருவர் ஊருக்குக் கிளம்பிய கையோடு வீட்டைக் கூட்டக் கூடாது. எனக்குத் தெரியாத வழக்கமா? கேமராவைத் தொட்டதும் மறந்து தொலைத்தேன்.

தாயாக நடித்தது என் சித்தி. "நீங்களாச்சும் சொல்லியிருக்கலாம்ல? ஏன் பேசாம இருந்தீக?" என்று கேட்டேன்.

"சொல்ல விட்டியாப்பா? கூட்ட மனசு வராமத்தான் நின்னேன். 'ம், கூட்டுங்க'ன்னு நீதானே விரட்டுனே."

விளக்குமாற்றோடு வாசலையே பார்த்து நின்றதைக் கூச்சம் என்று நினைத்து வெட்டியிருந்தேன். நல்லவேளை, அந்தத் துண்டைத் தூக்கிப் போடவில்லை. இப்போது விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கூட்டுவதை எடுத்துவிட்டு இதை ஒட்டினால் போதும்.

நகத்தளவு படம்தான். அதில் நிற்பது பெற்றவள்தான்.