சாரி கார்டு வேண்டாம்னு ஒரு கையெழுத்து

மாமா,

சிதம்பரம் ஸ்கூலுக்குப் பாடம் நடத்தப் போவ ஆறே முக்கா பஸ்ஸப் புடிக்கணும், கெளம்பிட்டேன். எழுப்புனா மூஞ்சத் திருப்பிப்பீங்கன்னுதான் எழுதி வெக்கிறேன். பீரோ சாவி ஜன்னல்ல இருக்கு. நேத்து தட்டத் தள்ளிட்டு எழுந்துட்டீங்க, அந்தக் காரக்குழம்பு அப்படியே இருக்கு. சூடு பண்ணிச் சாப்புடுங்க.

பத்து மணிக்கு பைக் ஷோரூம் ஆளு தில்லைநாதன் புக்கிங் ஃபாரம் வாங்க வருவாரு. நான் அதப் படிச்சிட்டேன். தூரம் போற வண்டின்னு ரெண்டு பேரும் சேந்துதான பாத்தோம்? ஹேண்டில் ஒசரமா, சீட்டு அகலமா, கன்னியாகுமரி வரைக்கும் முதுகு வலிக்காம போலாம்னு அந்த நீல வண்டியக் காட்டுனது நீங்கதான். இப்ப குனிஞ்சு ஓட்டுற வண்டிய எழுதியிருக்கீங்க. அதுல பின்சீட்டு உள்ளங்கை அளவுதான். பத்தாததுக்கு, பின்சக்கரத்துல சேல சிக்காம இருக்க மாட்டுற சாரி கார்டு வேண்டாம்னு உங்க கையெழுத்து வேற.

மேல்பட்டாம்பாக்கத்துல மணல்ல வண்டி சறுக்கி ரெண்டு பேரும் விழுந்ததுக்கு உங்கள நான் ஒரு வார்த்த சொன்னேனா? என் கால் எலும்பு கூடிடுச்சு மாமா. கட்டுப் பிரிச்சு நாலு மாசம் ஆவுது. தெனம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவுல போறேன். ஒரு தடவகூட வண்டியில "ஏறு"ன்னு நீங்க சொல்லல. கெஞ்சிக் கேக்குறேன், கட்டுன பொண்டாட்டிய இப்படி எறக்கி விட்டுடாதீங்க.

ஃபாரத்துல நீங்க எழுதுனத அடிச்சிட்டு நீல வண்டின்னு எழுதிட்டேன். சாரி கார்டு வேணும்னும் எழுதிட்டேன்.

இளமதி

எடம் இல்ல, ஓரத்துல எழுதுறேன். கோவம் வந்தா சாயங்காலம் என்னைத் திட்டுங்க, ஃபாரத்த மட்டும் மாத்தாதீங்க. பின்னாடி நான் இல்லன்னா நீங்க எவ்ளோ வேகமாப் போவீங்கன்னு எனக்குத் தெரியும்.