கட்டைவிரல் அளவில் ஒரு பட்டன்

புனே, செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு ஜீவா எழுதுவது. நான் நலம். ஷூ கம்பெனியில் பேஸ்ட் அடித்து வெடித்த உன் கட்டைவிரல் ஆறியதா?

நாங்கள் செய்யும் ஆஸ்பத்திரி வெப்சைட்டில், ஃப்ரேம்வொர்க் என்கிற ரெடிமேட் அச்சோடு வந்த பட்டன் பொடிசு. எழுத்தும் வெளிர் சாம்பல். பெரிதாக்கினால் அழகு போய்விடுமாம், மேனேஜர் சொல்கிறார். "எங்க தொட்டாலும் வேற எங்கியோ போவுதுடி" என்று பேஸ்ட் காய்ந்த விரலோடு போனைத் திட்டுவாயே, அது ஞாபகம் வந்தது. மேனேஜர் விரலில் பசை தடவிக் காயவிட்டு, அந்த வெப்சைட்டில் டோக்கன் போடச் சொன்னேன். மூன்று முறையும் 'ரத்து' பட்டன்தான் அழுந்தியது. எல்லோரும் சிரித்தார்கள், அவர் "பார்க்கலாம்" என்றார். நான் விடுவதாயில்லை.

விரல் ஆறியிருந்தால் மையில் தோய்த்து, தாளில் ரேகை வைத்து அனுப்பு. பட்டன் அந்த அளவில், கறுப்பு எழுத்தில்தான் வரும். ஆபீஸ் கேப் வண்டி வந்துவிட்டது, கிளம்புகிறேன். இரண்டு ரேகையாக வை அம்மா, ஆபீசுக்கு ஒன்று போதும்.

உன் ஜீவா