தலையில் தட்டாத கை

என் தங்கமான நைனாவுக்கு,

இதனால் ராயபுரம் முதல் எண்ணூர் வரை வாழும் சகல ஜனங்களுக்கும், கடலில் உள்ள மீன்களுக்கும், மேலே இருக்கிற உனக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை உன் தோஸ்து, டீ மாஸ்டர் ஜாபர் மாமு, மூன்று ஸ்பூன் டீயை வாயால் குடித்தார். கைதட்டுவோர் தட்டலாம்.

மூணு ஸ்பூன் டீ எல்லாம் ஒரு சேதியாடா என்று கேட்பாய். சேதிதான் நைனா. காசிமேட்டுக்கே டீ ஆற்றிய மனுஷன், ரெண்டு மாசமாக மூக்கில் குழாயோடு கிடந்தார். உனக்கு வந்த அதே பக்கவாதம். கை, கால், பேச்சு, முழுங்குவது, எல்லாவற்றையும் ஒரே அடியில் கொண்டுபோய்விட்டது.

உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது ஒரு சீட்டு கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கா? 'ஸ்பீச் தெரபி' என்று எழுதியிருந்தது. அம்மா சிரித்துவிட்டாள். "இந்தாளு நல்லா இருந்தப்பவே நாளைக்கு நாலு வார்த்த பேசுனதில்ல. இப்ப பேசி இன்னா, கட்சியா ஆரம்பிக்கப் போறாரு?" நீயும் கோணிய வாயால் சிரித்தாய். சீட்டு காலண்டர் ஆணியில் தொங்கியது. அது பேச்சுக்கு மட்டும்தான் என்று நினைத்தோம். முழுங்குவதும் அவர்கள் டிபார்ட்மென்ட் என்று நமக்கு யாருக்குத் தெரியும்?

தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் உனக்குப் புரையேறியது. நாங்கள் உன் தலையில் தட்டினோம். "யாரோ நெனைக்கிறாங்க" என்றோம். இன்னொரு டம்ளர் தண்ணீர் கொடுத்தோம். அதிகம் தட்டியது நான்தான். "உன் பழைய ஆளு நெனைக்குது நைனா" என்று கலாய்ப்பேன், அம்மா கரண்டியோடு துரத்துவாள். பிறகு காய்ச்சல் வந்தது. குடித்த தண்ணீரெல்லாம் வழி மாறி நெஞ்சுக்குள் போயிருக்கிறது, அந்தச் சீட்டோடு போயிருந்தால் முழுங்கவும் பழக்கியிருப்பார்கள் என்று டாக்டர் சொன்னபோது நீ கண் திறக்கவில்லை. அப்புறம் திறக்கவே இல்லை.

ஒன்று கேட்கட்டுமா? உனக்குத் தெரிந்திருந்ததா நைனா? சொல்ல வார்த்தை வராமல்தான் சும்மா இருந்தாயா?

மாமுவுக்கும் அதே சீட்டு வந்தது. மாமி அதை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார். பிடுங்கிக்கொண்டேன். "மாமி, இது பேசறதுக்கு மட்டும் இல்ல. முழுங்கறதுக்கும் இதான். இப்பவே ஆட்டோ கூப்புடறேன்." என் வாயிலிருந்து ஜோக் இல்லாமல் ஒரு வாக்கியம் வந்ததும் மாமி பயந்துபோய்க் கிளம்பிவிட்டார்.

அங்கே ஒரு தெரபி அக்கா. முதல் நாளே, வாயால் எதுவும் கூடாது, முதலில் பயிற்சி என்றார். நாக்கை நீட்டணும், கன்னத்தை உப்பணும், உதட்டைக் குவிக்கணும். மாமுவுக்கு வெட்கம். நாலு பேர் எதிரில் ஒரு டீ மாஸ்டர் நாக்கை நீட்டுவாரா? நான் எதிரில் உட்கார்ந்து நீட்டினேன். எந்த மூஞ்சியைக் காட்டியதற்காக ஸ்கூலில் என்னை வெளியே நிற்க வைத்தார்களோ, அதே மூஞ்சிதான் இப்போது வைத்தியம். மாமு ரெண்டு நிமிஷம் முறைத்தார். அப்புறம் பதிலுக்கு நீட்டினார். தினமும் மூன்று வேளை இப்படி ஒருத்தருக்கு ஒருத்தர் பழிப்புக் காட்டிக்கொண்டோம்.

அதைவிடப் பெரிய வேலை காவல். மாமு கையால் டீ குடித்தவர்கள் பார்க்க வருகிறார்கள் இல்லையா, சும்மா வருவதில்லை, பிளாஸ்கோடு வருகிறார்கள். கதவில் போர்டு மாட்டினேன்: 'மாமுவுக்கு வாயில் டீ, தண்ணி எதுவும் கொடுக்கக் கூடாது. நினைப்பவர்கள் வெளியே நின்று நினைக்கவும். தலையில் தட்டினால் கை பறிமுதல்.'

ஹார்பரில் லாரி ஓட்டும் சேகர் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாடா, பெரிய டாக்டரா நீ?"

"இல்லண்ணா. முழுங்கல் துறை மந்திரி."

"எங்க வூட்ல யாருக்குப் புரையேறினாலும் தட்டுனா சரியாப் பூடும்டா."

"உங்க வூட்டு டிவிய தட்டுண்ணா. மாமுவ தட்டாத."

முறைத்தார். ஆனால் பிளாஸ்கை மூடிவிட்டார்.

இன்று பரீட்சை. மாமுவை நேராக உட்கார வைத்து, வாயைச் சுத்தம் செய்தோம். அக்கா டீயில் ஏதோ மாவு கலந்து, ஸ்பூனைச் சாய்த்தால்கூட ஒழுகாத அளவுக்குக் கெட்டியாக்கினார். மாமு அதைப் பார்த்த பார்வை இருக்கே, மார்க்கெட்டில் அழுகின மீனைக்கூட நீ அப்படிப் பார்த்ததில்லை. தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லி, தொண்டையில் நாலு விரலை வைத்துக்கொண்டார் அக்கா. முதல் ஸ்பூன். தொண்டை மேலே ஏறி இறங்கியது. "ஆ சொல்லுங்க." "ஆ..." குரலில் கொழகொழப்பு இல்லை. இரண்டாவது ஸ்பூன். "ஆ சொல்லுங்க."

மாமு ஆ சொல்லவில்லை. "கலீஜ்" என்றார்.

ரெண்டு மாசத்தில் முதல் வார்த்தை நைனா! மாமி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா, அழுதாரா, இன்னும் தெரியவில்லை. இப்படியே போனால் சீக்கிரம் குழாயை எடுத்துவிடலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். எடுக்க வைக்காமல் நான் ஓயமாட்டேன். அதற்குப் பிறகு பேச்சு. 'கலீஜ்'ஐ வைத்துக்கொண்டே மீதி எல்லாவற்றையும் வரவழைத்துவிடுவேன்.

இதுவரை படித்தால் உன் பிள்ளை பெரிய ஆள் மாதிரி தெரியும். அம்மா உன் போட்டோவிடம் போட்டுக்கொடுப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். மூன்று ஸ்பூன் என்று அறிவித்தேனே, அது இரண்டரை. மூன்றாவதில் மாமு இருமிவிட்டார், பாதி வெளியே வந்துவிட்டது. இருமல் கேட்டதும், ஊருக்கே போர்டு மாட்டிய இந்தக் கை, என்னைக் கேட்காமலே போய் மாமு தலையில் தட்டியது. "நைனா நெனைக்குது மாமு" என்று வாயும் சொல்லிவிட்டது.

அக்கா என் கையைப் பிடித்து மடியில் வைத்தார். மாமுவை முன்னால் சாய்த்து நன்றாக இருமவிட்டார். குரல் தெளிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "போர்டு எழுதுனது நீதானேப்பா?"

ஆமாம் நைனா, நான்தான். பறிமுதல் ஆக வேண்டிய முதல் கையும் என்னுடையதுதான். நாளையிலிருந்து மாமு முழுங்கும்போது அது என் மடியை விட்டு எழுந்திருக்காது. சத்தியம். உனக்கு நினைப்பு வந்தால் மாமுவை விட்டுவிடு, என்னை நினை. எனக்குப் புரையேறட்டும். நான் இருமிக்கொள்கிறேன்.

உன் தலையில் அதிகம் தட்டிய,
உன் மவன் கார்த்தி