எல்லா டைரக்டரியிலும் என் எண்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் எங்கள் கம்பெனி வேன்களை, போன் எண்களைப் பட்டியல் போடும் இணைய டைரக்டரிகளில் சேர்ப்பதுதானே என் வேலை? ஆரம்பத்தில் அவசரத்துக்கு என் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டேன். ஒரு டைரக்டரியைப் பார்த்து இன்னொன்று காப்பியடித்ததில், இப்போது எல்லாவற்றிலும் கம்பெனி என்றால் நான்தான்.

பாப்பாவை முதன்முதலாகப் பார்க்க லீவு கேட்டேன். "தாராளமா போப்பா. நம்பரை மட்டும் மாத்திட்டுப் போ" என்றார் முதலாளி. மாற்றினேன். விட்டுப்போன ஏதோ ஒன்றைப் பார்த்து மற்றவை எழுத, ஒரே வாரத்தில் பழைய எண் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது; லீவும் தள்ளிப்போனது.

வண்டி கேட்டு எந்நேரமும் போன் வருவதால், இனி மெசேஜ் போட்டுவிட்டுக் கூப்பிடு. நேற்று உன்னிடமே, "எத்தனை பேர், எத்தனை பெட்டி?" என்று கேட்டேன். "ஒரே ஆளுதாங்க. எங்க வீட்ல கொண்டாந்து இறக்கிவிடுங்க" என்றாய். சிரித்துவிட்டு வைத்தேன்.

பாப்பாவின் குரலைப் பதிவு செய்து அனுப்பு. அழுகையானாலும் சரி. போன் அடிக்கிறது.

உன் வீட்டுக்காரன்