பெரிய கம்பெனிக்குப் போன கரண்ட்

அன்பு மகளுக்கு அம்மா எழுதறது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும், குழந்தைக்கு இதுக்குள்ள சளி விட்டிருக்கும்னு நினைக்கறேன். என் முட்டி வலி எப்பவும் போலத்தான், அதை விடு.

போன்ல சொல்ல ஆரம்பிச்சா அழுதுடுவேன், அதான் எழுதறேன். நம்ம ஐஸ் பேக்டரியை மூடி ரெண்டு மாசம் ஆச்சும்மா. பைபாஸ் பக்கம் அந்தப் பெரிய ஐஸ் கம்பெனி வந்ததும், அவங்களுக்கு நாள் முழுக்கத் தடையில்லாம கரண்ட், அதுவும் பாதி விலைக்குன்னு அரசாங்கம் உத்தரவு போட்டுடுச்சு. நமக்குப் பகல்ல அஞ்சு மணி நேரம் கட். பாதி உறையறப்போ கரண்ட் போனா ஐஸ் என்ன ஆகும்னு உனக்குத் தெரியாததா. அப்பா மின்சார ஆபீசுக்கு நடையா நடந்தார். கடைசியில அங்க இருந்த அதிகாரி, மரியாதையாத்தான் சொன்னாராம், பெரியவங்க வந்தா ஆயிரம் பேருக்கு வேலை வரும், நீங்க கொஞ்சம் அனுசரிச்சுப் போங்கன்னு. என்கிட்ட இருக்கற ஒன்பது பேரும் மனுஷங்கதானே சார்னு அப்பா கேட்டிருக்கார். அந்த அதிகாரி அடுத்த பைலை எடுத்துட்டாராம்.

ஆயிரம் பேர் எங்க வந்தாங்க? உள்ள எல்லாம் மிஷின், அறுபது பேர் இருந்தா அதிகம். நம்ம ஒன்பது பேர்ல ஆபரேட்டர் அண்ணனுக்கு மட்டும் அங்க கேட்ல காவல் வேலை கிடைச்சுது. நம்மளை மாதிரி இருந்த இன்னும் ரெண்டு பேக்டரியும் மூடினதும் கம்பெனி விலையை ஏத்திடுச்சு, அதுவும் லாரி லோடாத்தான் தருவாங்களாம். மார்க்கெட்ல கூடையில மீன் விக்கற அக்கா, அரைக்கட்டி ஐஸுக்கு நான் எங்க போவேன்னு நம்ம வாசல்ல நின்னு அழுதாங்க. மத்தியானத்துக்குள்ள விக்காததை எல்லாம் கொட்டிட்டுப் போறாங்களாம். அவங்க முகத்தைப் பார்க்க முடியாம அப்பா உள்ள போயிட்டார்.

இப்பவும் காலையில குளிச்சு சட்டையை மாட்டிக்கிட்டு பேக்டரிக்குக் கிளம்பிடறார். கம்ப்ரசரைக்கூட வித்தாச்சு, அங்க இவருக்கு என்ன வேலைன்னு ஒருநாள் பின்னாடியே போனேன். காலித் தொட்டி விளிம்புல உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். கூப்பிட மனசு வரல, திரும்பி வந்துட்டேன்.

இதையெல்லாம் உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். நீங்க மூணு பேரும் நல்லா இருக்கணும், வேளைக்குச் சாப்பிடு. ஒண்ணு மறந்துடாதே, ஞாயித்துக்கிழமை போன் பண்றப்போ பேக்டரி எப்படிப்பா ஓடுதுன்னு எப்பவும் போலக் கேளு. நல்லா ஓடுதும்மான்னு சொல்லுவார். சரிப்பான்னு மட்டும் சொல்லு.

உன் நினைப்பாவே இருக்கற
அம்மா