சம்பந்தியும் ஒரே ஒரு சொல்லும்

செப்டம்பர் 18

வெள்ளம் வடிந்துவிட்டது, சேறு வடியவில்லை. சமையலறையில் முழங்கால் அளவு நிற்கிறது. ராடிம் போன் செய்தான். "அம்மா, தெசியோட அப்பா பல்கேரியாவுலேர்ந்து வண்டி எடுத்துக்கிட்டு கிளம்பிட்டாரு. எனக்கு லீவு கிடைக்கல."

மகன் வரவில்லை, சம்பந்தி வருகிறார். கல்யாணத்தில் ஒரு தடவை கை குலுக்கியதோடு சரி. அவர் பேச்சு எனக்குப் புரியாது, என் செக் மொழி அவருக்குப் புரியாது. வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

செப்டம்பர் 20

சம்பந்தி ருமென் வந்துவிட்டார். வண்டி நிறைய குடைமிளகாய் மூட்டை. வீடே சேற்றில் கிடக்கிறது, இதை எங்கே வைப்பேன்?

வாசலில் நின்று உள்ளே பார்த்தவர், "லொப்பத்தா?" என்றார். மண்வாரிக்கு எங்கள் ஊரிலும் அதே சொல்தான். எடுத்துக் கொடுத்தேன். இருட்டும்வரை அள்ளினார்.

பக்கத்து வீட்டு ப்லாங்கா வேலியோரம் வந்தாள். "லொப்பத்தான்னா போலந்துக்காரனுக்கும் புரியும், உக்ரேன்காரனுக்கும் புரியும். நம்ம பேச்செல்லாம் ஒரே வேருதானே யர்மிலா. ரெண்டு நாள்ல சரளமா பேசிடுவீங்க பாரு."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

செப்டம்பர் 21

எங்கே சரளம்? கைவண்டியை வலப்பக்கம் திருப்பச் சொன்னால் நேராகப் போகிறார். மூன்று தடவை சொன்னேன், மூன்று தடவையும் நேராகத்தான். சேறு முழுக்க என் ரோஜாச் செடிகள் மேல். வேண்டுமென்றே செய்கிறாரா?

செப்டம்பர் 22

தலைவலி. சேறு. மிளகாய் சுடும் புகை.

செப்டம்பர் 24

எழுதக் கை வரவில்லை.

என் கணவர் ஒத்தகருக்குப் படுத்தால் மூச்சு முட்டும். அவருடைய கடைசிக் குளிர்காலம் முழுக்க அந்த மர நாற்காலியில் உட்கார்ந்தேதான் தூங்கினார். மாடியில் இருந்ததால் வெள்ளத்துக்குத் தப்பியது. கொஞ்சம் உட்காரலாமே என்று நான்தான் கீழே கொண்டுவந்தேன்.

இன்று குப்பை லாரி வந்தது. ஊறி உப்பிய மேசையைத் தூக்கிப் போடச் சொல்லி, "ஸ்தூல், ஸ்தூல்" என்று கத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். திரும்பி வந்தால் மேசை நிற்கிறது. நாற்காலியை லாரி அரைத்துக்கொண்டிருக்கிறது.

என்னென்னவோ கத்தினேன். "போங்க, ஊருக்கே போங்க" என்று கையை நீட்டினேன். அது மட்டும் அவருக்குப் புரிந்தது. மண்வாரியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்விட்டார்.

செப்டம்பர் 25

தெசி கூப்பிட்டாள். "அத்தை, உங்களுக்கு 'ஸ்தூல்'னா மேசை, எங்க பேச்சுல 'ஸ்தோல்'னா நாற்காலி. நல்ல நாற்காலியாச்சே, மனசே வரலன்னு அப்பா புலம்பறார். வலப்பக்கம்னு நீங்க சொல்றதும் எங்களுக்கு நேராங்கிறதுதான்."

"இப்ப எங்க இருக்கார்?"

"உங்க தெருவுலதான். ப்லாங்கா அக்கா வீட்டு நிலவறையைச் சுத்தம் பண்றாராம்."

ஆக, அவர்மேல் கோபப்படவும் வழியில்லை. பிறகு யார்மேல்தான் படுவது? சொல்மேலா? நாற்காலி போனது போனதுதானே.

செப்டம்பர் 26

ப்லாங்கா வீட்டு நிலவறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. தெரிந்த செக்கிலேயே எல்லாவற்றையும் சொன்னேன் — ஒத்தகரின் மூச்சு, அந்தக் குளிர்காலம், நாற்காலி. ஒரு வார்த்தையும் புரியாமல் நின்று கேட்டார். நான் முடித்ததும் அவர் தொடங்கினார். நெடுநேரம் பேசினார். எனக்குப் பிடிபட்டது ஒரு பெயர்தான். நெவேனா. தெசியின் அம்மா, இறந்துபோனவர். திரும்பத் திரும்ப அந்தப் பெயர் வந்தது.

சாயங்காலம் எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார்.

அக்டோபர் 13

இன்றும் சண்டை. சுண்ணாம்புப் பூச்சில் மணல் அதிகம் என்றேன். அவர் அவர் பேச்சில் கத்த, நான் என் பேச்சில். மிளகாய்க் குழம்பில் உப்பும் அதிகம்.

நவம்பர் 9

காலையில் பனி தூவியது. ப்லாங்கா ரொட்டிக் கடையில் பிடித்துக்கொண்டாள்.

"உன் சம்பந்தி எப்ப ஊருக்குக் கிளம்பறார்?"

"சமையலறைப் பூச்சு இன்னும் பாக்கி இருக்கு" என்றேன்.

பூச்சு வேலை போன வாரமே முடிந்துவிட்டது.