மூன்றாம் ஓலைக்கு முன்

ஜூன் 15, ஞாயிறு

விடியும்போதே சாரல். குடை பிடித்தும் கோயில் போய்ச் சேருவதற்குள் சேலைக் கரை நனைந்தாயிற்று.

அண்ணன் மகள் பெனிட்டாவின் கல்யாணத்துக்கு, மூன்று ஞாயிறு சர்ச்சில் வாசிக்கும் அறிவிப்பில் இன்று இரண்டாம் ஓலை. போதகர் ஐயர் வாசித்து முடித்து, தடை உண்டானால் தெரிவிக்கலாம் என்றார். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். பெண்ணைப் பெற்ற ரோஸ்லின் மதினியேதான்!

"தடை இல்ல ஐயரே. அன்னைக்கு எமிலி கல்யாணத்தை நிறுத்தின மொட்டைக் கடுதாசி நான் எழுதினது. அவளுக்கு வலிப்புன்னு எழுதினேன். பொய். ஸ்டெல்லா எழுதல."

இருபத்திரண்டு வருடம். என் மூன்றாம் ஓலை வாசிக்கப்படாமலே போனது அந்தக் கடிதத்தால். மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில். எனக்குக் கோபம் வரவில்லை. பயம். ஆண்டவர் உள்ளே வந்து நின்றுவிட்டார் என்ற பயம்.

ஜூன் 16, திங்கள்

பள்ளிக்கு லீவு. தலைவலி என்று சொன்னேன் (பொய்).

திட்டத்தான் போனேன். மதினி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏன் மதினி?"

"அப்ப அத்தை படுக்கையில. பெனிட்டா கைப்பிள்ளை. நீயும் போயிட்டா ஒத்தையில என்ன செய்வேன்னு பயந்துட்டேன்."

"இப்ப ஏன் சொன்னீங்க?"

"வருசா வருசம் கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துல அழுதிருக்கேன்ட்டி. அழுதுட்டு வந்து நல்லாத் தூங்கிருக்கேன். இந்தத் தடவை அழுகையே வரல. சொல்லணும்னு மட்டும் இருந்துச்சு."

பெனிட்டா அவளிடம் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் இல்லை. இதெல்லாம் வரும் என்று தெரிந்தேதான் எழுந்திருக்கிறாள். நானும் கூட்டம் தவறாமல் அழுகிறவள். மனந்திரும்பியதாகச் சாட்சி வேறு சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 18, புதன்

வாங்க: சீரகம், தே. எண்ணெய், சிவப்பு மைப் பேனா.

ஸ்டெல்லா. பாட்டுப் பயிற்சியில் நான் ஒருமுறை மயங்கி விழுந்ததைப் பார்த்தவள் அவள் ஒருத்தி. அதனால் கடிதம் அவளுடையது என்று முடிவு கட்டி, சபை முழுக்கச் சொன்னேன். பாடகர் குழுவிலிருந்து விலகிப் போனாள். மதினி எழுதியது ஒரு கடிதம். நான் வாயாலேயே எத்தனை.

போன் வரவில்லை. ரோ. மதினி இன்றும் ஆலயம் பெருக்கப் போனாளாம். எப்படி முடிகிறது!

ஜூன் 20, வெள்ளி

பள்ளி விட்டதும் ஐந்தருவி. சீசன் கூட்டம், பஸ்ஸில் நின்றே போனேன். ஸ்டெல்லா அங்கே ரம்புட்டான் கடை போட்டிருக்கிறாள். தண்ணீர் இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"நீ எழுதலன்னு தெரிஞ்சிட்டு ஸ்டெல்லா. மன்னிச்சிரு."

"நான் எழுதலன்னு எனக்கு முதல்லயே தெரியும்லா."

சிரிக்கவில்லை. பழத்தை அடுக்கியபடியே சொன்னாள்: "எங்கம்மைக்குத்தான் தெரியாது. சாவுத வரைக்கும் என்னை நம்பல."

அந்த அம்மாவின் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தவளும் நான். ஐந்து கிளையாகக் கொட்டும் அத்தனை தண்ணீருக்கும் கீழே நின்றாலும் இது போகாது என்று தோன்றியது.

"நாளைக்குக் கல்லறைத் தோட்டத்துக்கு வா. அங்கன வந்து சொல்லு" என்றாள்.

ஜூன் 21, சனி

இறந்தவர்களோடு பேசுவது நம் உபதேசத்தில் இல்லை. போனேன்.

ஈரப்புல். செருப்பைக் கழற்றினேன், ஏனென்று தெரியவில்லை. சிலுவையில் பெயர் பாதி அழிந்திருந்தது. வாய்க்குள்ளேயே சொன்னேன். ஸ்டெல்லா பக்கத்தில் நின்றாள்.

"சத்தமாச் சொல்லு எமிலி. அம்மைக்குக் காது மந்தம்."

மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், சத்தமாக.